கண்ணாடியில் பெயர் பொறிக்கக் கொடுப்பதற்கு முன்: திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெயரையும் ஃபோட்டோவையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கேக்குக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தால் பொறித்த கண்ணாடி வீடு தேடி வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அம்மா ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நேரம் நாங்கள் போன கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். வந்த கண்ணாடியில் ‘கொ’ பிரிந்து கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கமாக நின்றது. அம்மாவின் முகம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி, முடி வெள்ளையும் பல் கறுப்புமாக இருந்தது. கேட்டதற்கு, “அது கொழும்பில செய்தது, நாங்கள் என்ன செய்யிறது?” என்ற பதில்.

கண்ணாடியில் அழிறப்பர் வேலை செய்யாது. பொறித்தது பொறித்ததுதான். ஆகவே தீர்மானிக்க வேண்டிய எல்லாவற்றையும் கடதாசியில் முடித்துவிட்டுத்தான் கண்ணாடியைத் தொட விடவேண்டும். கீழே உள்ள ஒழுங்கில் போனால் இரண்டாம் முறை காசு கட்ட வேண்டி வராது.

1. எந்த முறை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்காரர் எல்லாவற்றையும் ‘லேசர்’ என்றே சொல்லுவார். ஆனால் கண்ணாடியில் எழுதும் முறைகள் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்குத்தான் நல்லது.

பேனா, சாவிக்கொத்து போன்ற உலோகங்களில் பெயர் அடிப்பது ஃபைபர் லேசர். அதன் கதிர் தெளிந்த கண்ணாடியை ஊடுருவிக்கொண்டு போய்விடும், ஒன்றும் பதியாது. கண்ணாடியின் மேற்பரப்பில் எழுத காபனீரொட்சைட்டு லேசர் வேண்டும். அது கண்ணாடியைச் சட்டென்று சூடாக்கி மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். அந்த வெடிப்புகள்தான் நமக்கு வெள்ளை எழுத்தாகத் தெரிகின்றன. விரலால் தடவினால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். கிளாஸில் பெயர், திகதி, சின்னக் கோட்டுப்படம் என்றால் இது போதும்.

கண்ணாடிக் கட்டிக்கு உள்ளே உருவம் மிதப்பதுபோல் இருப்பது வேறு இயந்திரத்தின் வேலை. பச்சை லேசர் கதிர் கட்டிக்கு உள்ளே ஒரு புள்ளியில் குவிந்து அங்கே மட்டும் வெடிப்பை உண்டாக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து முகமாகும். இதற்குப் பெரும்பாலும் கே9 என்ற ஒளியியல் கண்ணாடியைத்தான் பாவிக்கிறார்கள். கடையில் ‘கிரிஸ்டல்’ என்று சொல்வது இதைத்தான்.

மூன்றாவது மணலடி. வினைல் ஸ்டிக்கரில் எழுத்தை வெட்டி ஒட்டி, திறந்திருக்கும் இடத்தில் அலுமினியம் ஒட்சைட்டு போன்ற துகளை அமுக்கக் காற்றோடு அடிப்பார்கள். எழுத்து ஆழமாகவும் ஒரே சீரான வெண்மையோடும் வரும். என்னைக் கேட்டால், பெரிய தமிழ் எழுத்துக்கு இதுக்கு மிஞ்சி ஒன்றுமில்லை. கடற்கரை மணலையே அரித்து அடிக்கிறோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வேலை கொடுக்காதீர்கள். படிகச் சிலிக்கா தூசியைச் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். அந்தக் கடையில் வேலை செய்கிற பெடியனுக்குத்தான் அது போய்ச் சேரும்.

கடைசியாகக் கைவேலை. சுழலும் சிறு டிரில்லில் வைரத்தூள் பதித்த முனையைப் பூட்டி, கோடு கோடாகக் கீறுவது. லேசர் எழுத்து இயந்திரத்தனமாக ஒரே சீராக இருக்கும். கையால் கீறிய கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து, நடுவில் பருத்து, முடியும் இடத்தில் திரும்ப மெலியும். நேரமும் கூட, காசும் கூட. ஒரே ஒரு பொருள், ஆயுள் முழுக்க வைத்திருக்கப் போகிறோம் என்றால் தேடிப் பிடிக்கலாம்.

கண்ணாடி அரிக்கும் கிரீம் என்று ஒன்று ஒன்லைனில் விற்கிறது. அதில் இருப்பது புளோரைட்டு உப்பு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டம் இல்லாமல் தொடக்கூடாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். ஐதரோபுளோரிக் அமிலத்தைத் திரவமாக வாங்கிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். தோலில் பட்டவுடன் நோகாமலே எலும்பு வரைக்கும் போகக்கூடிய அமிலம் அது.

2. கண்ணாடியைத் தெரிவு செய்தல்

சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது வழமையான கிளாஸ், போத்தல், தட்டைக் கண்ணாடி எல்லாம் பொறிக்க நல்லவை. அடுப்பில் வைக்கக்கூடிய போரோசிலிக்கேட் கண்ணாடியில் லேசர் மங்கலாகவே பதியும்.

பதப்படுத்திய கண்ணாடியை, அதுதான் ‘டெம்பர்ட்’ கண்ணாடியை, பொறிக்கக் கொடுக்கவே கூடாது. அதன் மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவையிலும் இருக்கும். கீறல் உள்ளே போன கணத்தில் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகச் சிதறும். தட்டைக் கண்ணாடி என்றால் மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். கிளாஸ் என்றால் அடியைப் பாருங்கள். போலரைஸ்டு வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு சரித்துப் பார்த்தால் சிலவேளை புள்ளி புள்ளியாக நிழல் தெரியும்.

அம்மம்மா வைத்திருந்த பழைய கிளாஸிலேயே பொறிக்க ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆசை விளங்குகிறது. ஆனால் நீங்கள் கொண்டுபோகிற கண்ணாடி உடைந்தால் பொதுவாக எந்தக் கடையும் பொறுப்பெடுக்காது. ஈயம் கலந்த தடித்த பழைய கிரிஸ்டல் லேசர் சூட்டில் வெடிக்கவும் கூடும். அதற்குக் கைவேலைதான் பாதுகாப்பு. இல்லையென்றால் அந்தக் கிளாஸை அப்படியே விட்டு, அது வைப்பதற்கு ஒரு கண்ணாடித் தட்டு செய்து தட்டில் பொறியுங்கள். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

புதிதாக வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் ஓரத்தில் ஒரு எழுத்து அடித்துப் பார்க்கச் சொல்லலாம்.

3. எழுத வேண்டியதை வீட்டிலேயே முடியுங்கள்

பிழையில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள்.

முதலில் பெயர். ‘எஸ்’ என்ற ஆங்கில முதலெழுத்தைத் தமிழில் எப்படிப் போடுவது? சி., சு., ச., செ. எதுவாகவும் இருக்கலாம். கடைக்காரர் தனக்குத் தோன்றியதைப் போடுவார். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற தமிழ்ப் பெயரைப் பார்த்து எழுதுங்கள், வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். ஊர்ப் பெயரைத் திருகோணமலை என்றும் திருக்கோணமலை என்றும் எழுதுகிறார்கள். எதையாவது ஒன்றைத் தெரிந்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள்.

அடுத்தது திகதி. ஆட்டத்திவசத்துக்குச் செய்யும் நினைவுக் கண்ணாடியில் திதியோடு தமிழ் வருடப் பெயரும் போடுவார்கள். தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறுகிறது. 2025 மார்ச்சில் நடந்த ஒன்றுக்குக் குரோதி, மே மாதத்தில் நடந்ததற்கு விசுவாவசு. கலண்டரின் முன்பக்கத்தைப் பார்த்து எழுதினால் பிழையாகிவிடும். ஐயரிடம் ஒருக்கா கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்புறம் எழுத்துரு. நம் ஊர் அச்சகங்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் பாவனையில் இருக்கிறது. பாமினியில் அடித்த பைல் அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிக்கோட்டில் அடித்ததைப் பழைய வரைகலை மென்பொருளில் ஒட்டினால் கெ, கொ, கோ எல்லாம் கழன்றுவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுப் படமாக, மாற்றச் சொல்லுங்கள். வடிவமைப்பாளர்கள் ‘கேர்வ் பண்ணுறது’ என்பார்கள். அப்படி மாற்றிய பைலைப் பிடிஎஃப் ஆக வாங்கி உங்கள் ஃபோனில் திறந்து பாருங்கள். பிறகு எந்தக் கொம்பியூட்டருக்குப் போனாலும் எழுத்து உடையாது.

புள்ளியையும் கவனியுங்கள். சின்ன எழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளி லேசரில் தூசி மாதிரிப் போய்விடும். மணலடியில் என்றால் வினைலில் அந்தச் சின்ன வட்டமே வெட்டுப்படாது. புள்ளி ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். எழுத்தின் உயரம் லேசருக்கு 5 மில்லிமீற்றர், மணலடிக்கு 10 என்று வைத்தால் தப்பலாம். மெல்லிய அலங்கார எழுத்துருக்கள் திரையில் அழகாக இருக்கும், கண்ணாடியில் காணாமல் போகும். மேல் வரியின் ‘கு’, ‘ழு’ வால்கள் கீழ் வரியின் ‘கி’ சுழியோடு முட்டுகின்றனவா என்று பார்த்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்குச் சரியான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது.

படம் வைப்பதென்றால் இதை நினைவில் வையுங்கள்: கண்ணாடியில் பொறித்த இடம்தான் வெள்ளை, பொறிக்காத இடம் பின்னால் இருப்பதைக் காட்டும். ஆகவே முகத்தின் வெளிச்சமான பகுதிகளைப் பொறிக்க வேண்டும், முடியையும் கண்மணியையும் விடவேண்டும். கடதாசியில் அச்சடிக்கிற பைலை அப்படியே கொடுத்தால் எங்கள் அம்மாவுக்கு வந்த கதிதான். கோணேசர் கோயில் கோபுரத்தைச் சின்னக் கிளாஸில் போடச் சொல்லிக் கேட்பவர்கள் நிறையப் பேர். அதன் சிற்ப நுணுக்கம் ஒன்றும் வராது, வெறும் வெள்ளை முக்கோணம்தான் வரும். சுவாமி மலையின் வெளிக்கோடும் கீழே இரண்டு அலையும் போட்டால் ஊர்க்காரர் எவருக்கும் விளங்கும். கோட்டைக்குள் திரிகிற மானின் கோட்டுருவமும் நன்றாகப் பதியும்.

பின்பக்கத்தில் பொறித்து முன்பக்கத்தால் வாசிப்பது என்றால் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். ‘எந்தப் பக்கத்தால் பார்ப்பது’ என்று மாதிரிப் படத்திலேயே எழுதிவிடுங்கள்.

4. கடையில் கேட்க வேண்டியவை

நகரத்தில் கேடயம், பரிசுப் பொருள் விற்கும் கடைகள், அச்சகங்கள், ஸ்டூடியோக்கள் இந்த ஓடர்களை எடுக்கின்றன. முதல் கேள்வி: “இங்கேயே செய்யிறீங்களா, அனுப்பிச் செய்விக்கிறீங்களா?” உள்ளே உருவம் வரும் கிரிஸ்டல் வேலையை அனேகமாகக் கொழும்புக்குத்தான் அனுப்புகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அங்கே தமிழ் வாசிக்கத் தெரியாதவர் கையில் உங்கள் பைல் போகும். கோட்டுருவாக மாற்றச் சொன்னதன் அருமை அப்போது தெரியும்.

இங்கேயே செய்பவர் என்றால், மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பாதியில் நின்ற லேசர் வேலையை அதே கோட்டில் பிடித்துத் தொடர்வது கஷ்டம். உருண்டைக் கிளாஸ் என்றால் சுழற்றும் பாகம் இயந்திரத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் எழுத்து நடுவில் கூராகவும் ஓரத்தில் மங்கலாகவும் வரும்.

முன்பு தமிழில் செய்த கண்ணாடி ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் செய்ததைக் காட்டினால் அது பதில் இல்லை.

5. செலவு எப்படிக் கூடுகிறது

‘ஒரு பீஸ் இவ்வளவு’ என்று சொல்லும் விலைக்குள் பல பகுதிகள் ஒளிந்திருக்கும்: கண்ணாடி, வடிவமைப்புக் கூலி, இயந்திர நேரம், நிறம் நிரப்புதல், பெட்டி, கொழும்புக்கு அனுப்பி எடுக்கும் கூரியர். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வடிவமைப்புக் கூலி ஒரு தரம்தான் வரும். ஆகவே ஒன்றே ஒன்று செய்தால் விலை அதிகம்போலத் தெரியும், பத்தைச் செய்தால் தலைக்கு இறங்கும். குடும்பத்தில் நாலு சகோதரங்கள் என்றால் ஒரே நேரத்தில் நாலு செய்விப்பதே இலாபம்.

இயந்திர நேரம் பரப்பளவைப் பொறுத்தது. முழு முகத்தை நிரப்பிப் பொறிப்பதற்கும் கோட்டோவியத்துக்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். கிரிஸ்டலுக்குப் புள்ளிகளின் எண்ணிக்கையும், எத்தனை முகம் என்பதும் கணக்கு.

வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். வற் பதிவுள்ள நிறுவனத்திடம் செய்தால், சொன்ன விலைக்குள் அது இருக்கிறதா, மேலதிகமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கண்ணாடிக் கட்டிகள் இறக்குமதி என்பதால் பழைய விலைச்சீட்டை நம்பி வரவேண்டாம்.

பொன்னிற நிரப்பலுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். கழுவிக் கழுவி ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அது உரியத் தொடங்கும்.

6. கடதாசி வேலை

தனி ஆள் என்றால் ஒரு தாள் போதும். அதில் இவை எழுதப்பட்டு இரண்டு பக்கமும் கையொப்பம் இருக்க வேண்டும்: பொறிக்க வேண்டிய வாசகம் எழுத்துக்கு எழுத்து, கண்ணாடியின் அளவு, பொறிக்கும் முறை, மொத்த விலை, முற்பணம், ஒப்படைக்கும் திகதி. இன்னும் ஒரு வரி: ‘அங்கீகரித்த மாதிரியிலிருந்து மாறினால் கடை தன் செலவில் திருப்பிச் செய்யும்.’ இந்த வரியைக் கேட்டதும் முகம் சுளிக்கிற கடையிலிருந்து எழும்பி வந்துவிடுங்கள். முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். பற்றுச்சீட்டில்லாமல் அதையும் கொடுக்க வேண்டாம்.

பாடசாலை, பழைய மாணவர் சங்கம், கோயில் சபை போன்றவற்றின் சார்பில் போகிறவர்களுக்குக் கூடுதலாக வேலை இருக்கிறது. மூன்று இடத்து விலைக்கோரலைக் கணக்காய்வுக்குக் கேட்பார்கள். அதில் கடையின் பெயர், முகவரி, வியாபாரப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். பாடசாலைச் சின்னத்தைப் பொறிக்க அதிபரின் கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சின்னத்தின் மூலப் பைலையும் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். முகநூலில் எடுத்த மங்கல் படத்தை வைத்து வேலை செய்தால் மகுட வாசகம் வாசிக்க வராது.

7. காலக் கணக்கு

நிகழ்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பொருள் ஒரு வாரம் முன்னரே கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் கொழும்பு போய்வரும் நேரம், அதற்கு முன் மாதிரி பார்த்துத் திருத்தும் நாட்கள். மாதிரி ஒரே தடவையில் சரியாக வராது என்று வைத்துக்கொண்டே எண்ணுங்கள். ஒரு மாதம் இருந்தால் நிம்மதி.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கொழும்பு வேலைத்தலங்கள் மூடிக் கிடக்கும். போயா தினத்தில் தபால் கந்தோரும் இல்லை. மார்கழியை ஒட்டிய மாரியில் வெள்ளம் வந்து வீதியோ ரயிலோ தடைப்பட்டால் எல்லாம் பின்னுக்குப் போகும். பரிசளிப்பு விழாக்கள் அடுக்கடுக்காக வரும் காலத்தில் தனி ஓடர்களைக் கடைக்காரர் ஓரம் கட்டுவார்.

நீங்களே கொழும்புக்குப் போய் எடுத்து வருவதென்றால் இரவு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வரலாம். பஸ்ஸின் சாமான் அறைக்குள் போடாதீர்கள்.

8. மாதிரியும் கையேற்பும்

மாதிரியை ஃபோன் திரையில் மட்டும் பார்த்து ‘ஓகே’ போடாதீர்கள். நிஜ அளவில் அச்சடித்து, கத்தரியால் வெட்டி, கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். பெயரைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசித்தால் பிழை கண்ணில் படும். சரி என்றால் அந்தத் தாளிலேயே கையொப்பமிட்டுப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையேற்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து, கறுப்புத் துணி மேல் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, லேசர் எழுத்தில் கண்ணாடிச் செதில் உதிர்கிறதா என்று பாருங்கள். செதில் உதிர்ந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துத் தரச் சொல்லுங்கள், விரலால் தேய்க்காதீர்கள். குடிக்கிற கிளாஸில் உதட்டுப் பக்கம் பொறிப்பே இருக்கக்கூடாது.

9. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால்

எடையை முதலே கணக்கிடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, வருவதை 2.5ஆல் பெருக்கினால் கிராம் வரும். 15க்கு 10க்கு 2 அளவுள்ள கண்ணாடிப் பலகை 750 கிராம். ஆனால் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் கன அளவையும் பார்ப்பார்கள்: மூன்று பக்கத்தையும் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழமை. 30க்கு 30க்கு 25 பெட்டி என்றால் நாலரைக் கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். பெட்டி பெரிதாகப் பெரிதாகச் செலவும் ஏறும்.

பபிள் ராப்பில் சுற்றி, சிறு பெட்டியில் வைத்து, அதை ரிஜிபோம் போட்ட பெரிய பெட்டிக்குள் வையுங்கள். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. வைக்கோலோ பதப்படுத்தாத மரப்பலகையோ வேண்டாம். அவுஸ்திரேலியாவில் உயிரியல் பாதுகாப்புச் சோதனையில் நிச்சயம் மாட்டும்.

தபாலில் அனுப்ப அடையாள அட்டையும், சுங்க அறிவிப்புப் படிவமும் வேண்டும். சிறிய பெறுமதிக்குச் சிஎன் 22, கூடியதற்குச் சிஎன் 23. ‘பரிசு’ என்று மட்டும் எழுதாமல் ‘பொறித்த கண்ணாடி நினைவுப்பொருள், ஒன்று’ என்று பெறுமதியோடு எழுதுங்கள். கடை பில்லின் பிரதியை உள்ளே வையுங்கள். தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் பரிசு பிரித்தானியாவில் 39 பவுண் வரைக்கும், கனடாவில் 60 கனேடிய டொலர் வரைக்கும் இறக்குமதி வரி இல்லாமல் போகும். அதற்கு மேல் என்றால் பெறுகிறவர் கட்ட வேண்டி வரும், முதலே சொல்லி வையுங்கள். காப்புறுதி எடுத்தாலும் கண்ணாடி உடைவதை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று விதிமுறையில் பாருங்கள்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகிறவர்கள் பரிசுக் கடதாசி சுற்ற வேண்டாம். தடித்த கிரிஸ்டல் ஸ்கேனரில் கரிய கட்டியாகத் தெரியும், திறந்து பார்க்கக் கேட்பார்கள். வீட்டுப் பழங்கண்ணாடியில் பொறித்து வெளியே கொண்டுபோவதென்றால் இன்னொரு விஷயம்: பழம்பொருட்களுக்கு 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இருக்கிறது. தொல்லியல் திணைக்களத்திடம் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்.

10. வைத்துப் பராமரிக்க

நம் ஊர்க் கடல் காற்றில் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, உப்புப் படலம் படியும், அவ்வளவுதான். மெல்லிய பருத்தித் துணியை நனைத்துத் துடைத்தால் போகும். கிணற்றுத் தண்ணியில் கழுவினால் பொறித்த பள்ளங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு தங்கும். அதற்கு வினாகிரி சில துளி விட்டு மென்மையான பல் பிரஷால் தேயுங்கள். நிறம் நிரப்பிய எழுத்து என்றால் வினாகிரி வேண்டாம்.

முதலில் கெட்டுப்போவது கண்ணாடி இல்லை, கிரிஸ்டலுக்கு அடியில் வெளிச்சத்துக்கு வைக்கிற எல்ஈடி விளக்குத் தட்டு. அதன் யூஎஸ்பி முனையை உப்புக்காற்று அரித்துவிடும். கடலோரம் வீடு என்றால் வேண்டும்போது மட்டும் எடுத்துப் பாவியுங்கள், மற்ற நேரம் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். தட்டு தனியாகவும் வாங்கலாம். அதற்குக் கண்ணாடியின் அடிப்பக்க அளவு தேவைப்படும் என்பதால் இப்போதே அளந்து பில்லின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.